காசித்தும்பையில் புதிய சிற்றினம் (?): ஹோலோடைப், டயக்னோசிஸ், பெயர் வெளியீடு பற்றிச் சந்தேகங்கள்

தேன்குழல் கேட்டது:

இம்பேஷன்ஸ் (காசித்தும்பை) பேரினத்துச் செடி ஒன்று எந்தக் கீயிலும் (சிற்றினத்தைப் படிப்படியாக அடையாளம் காணும் பட்டியல்) போய்ச் சேரவில்லை. கீ கொண்டுபோய் நிறுத்தும் சிற்றினத்துக்கு ஸ்பர் (பூவின் பின்னால் நீளும் குழல்) 8–12 மி.மீ., இதில் 19–23. அங்கே பக்கப் புல்லியிதழ் இரண்டு, இங்கே நான்கு. உள்ஜோடி 1 மி.மீ.கூட இல்லை, லென்ஸ் வைத்தால்தான் தெரிகிறது.

கையில் இருப்பவை: ஆகஸ்டில் எடுத்த பூத்த செடிகள் 3 தாள் (உலர்த்தி ஒட்டிய மாதிரி), அதே இடத்தில் அக்டோபரில் எடுத்த காய்த்த செடிகள் 2 தாள், ஆகஸ்டுச் செடிகளின் பூக்கள் ஆறு 70% ஆல்கஹாலில். பூவும் காயும் சேர்ந்தால்தான் செடி முழுமையாகத் தெரியும் என்பதால் வரைவில் பூத்தாள் ஒன்று, காய்த்தாள் ஒன்று இரண்டையும் ஹோலோடைப் (பெயருக்கு ஆதாரமாக ஆசிரியர் சுட்டும் ஒற்றை மாதிரி) என்று கொடுத்திருக்கிறேன். இது சரியா? டயக்னோசிஸ் (பிற சிற்றினங்களிலிருந்து வேறுபடுத்தும் குறிப்பு) லத்தீனில்தான் இருக்க வேண்டுமா? ஸ்பர் நீளத்தை வைத்தே பெயர் சூட்டலாமா?

விதித்தாள்:

முதலில் ஹோலோடைப்பைத் திருத்துங்கள், மற்றதெல்லாம் அப்புறம். இப்படியே அச்சேறினால் பெயர் செல்லாது.

பெயரிடல் விதித்தொகுப்பில் 'ஒரு சேகரிப்பு' என்றால் ஒரே சேகரிப்பாளர் (அல்லது குழு), ஒரே இடம், ஒரே நேரம். ஆகஸ்டு ஒரு சேகரிப்பு, அக்டோபர் இன்னொன்று. ஒரே மரத்தில் பறித்திருந்தாலும் கணக்கு அதுதான். 1958 ஜனவரி 1 முதல் புதிய சிற்றினத்துக்கு வகைமாதிரி (டைப்; பெயர் எந்தச் செடிக்குரியது என்று நிலைநிறுத்தும் மாதிரி) சுட்டியே ஆக வேண்டும். இரண்டு சேகரிப்புகளைச் சேர்த்துச் சுட்டினால், சுட்டாததற்குச் சமம். 1990 முதல் 'ஹோலோடைப்' அல்லது 'டைப்' என்ற சொல்லும், அது இருக்கும் ஒரே ஒரு ஹெர்பேரியத்தின் (உலர்தாவரக் காப்பகம்) பெயரும் வர வேண்டும். சேகரிப்பு எண்ணைக் கொடுத்துவிட்டு, எங்கே வைத்திருக்கிறது என்று எழுத மறப்பது இன்றும் நடக்கிறது.

பூத்த மூன்று தாளில், ஸ்பர் முறியாமல் பக்கவாட்டில் படிந்திருப்பதை ஹோலோடைப் ஆக்குங்கள். மற்ற இரண்டும் ஐசோடைப் (ஹோலோடைப்பின் அதே சேகரிப்பைச் சேர்ந்த நகல்கள்). அவற்றை வேறு வேறு ஹெர்பேரியங்களுக்கு அனுப்பிவிடுவது நல்லது, ஒரே கட்டடத்தில் எல்லாம் இருந்தால் ஒரு பூச்சித் தாக்குதல் போதும். அக்டோபர்த் தாள்கள் பாராடைப் (விவரிப்பில் சுட்டப்படும் மற்ற மாதிரிகள்). காயையும் விதையையும் அவற்றிலிருந்து தாராளமாக விவரிக்கலாம், விவரணை ஹோலோடைப்போடு நின்றுவிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

ஆல்கஹால் பூக்களை ஹோலோடைப்பின் பகுதியாகவே வைக்கலாம். தாளில் 'பகுதி 1: தாள், பகுதி 2: ஆல்கஹால் புட்டி' என்று எழுதி, புட்டிக்குள் பென்சிலால் எழுதிய சீட்டிலும் அதையே குறியுங்கள். இந்த இணைப்பு இல்லாவிட்டால் ஐம்பது வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு அது வெறும் புட்டி.

லத்தீன் கட்டாயம் இல்லை. 2012 ஜனவரி 1 முதல் லத்தீன் அல்லது ஆங்கிலம், எதில் எழுதினாலும் செல்லும். தமிழ் விவரணையைக் கூடுதலாகச் சேர்க்கலாம், அது மட்டும் போதாது.

உலர்தாள்:

விதித்தாள் சொன்னது பெயர் செல்லுபடியாவதற்கு. அந்தப் பெயர் தேவையா என்பது வேறு கேள்வி. கேள்வியில் இல்லாத ஒன்றை நான் கேட்கிறேன்: அந்த அண்டைச் சிற்றினத்தின் வகைமாதிரியைப் பார்த்தீர்களா? கீயில் இருக்கும் '8–12 மி.மீ.' யாரோ சில தாள்களை அளந்து எழுதியது. பெயர் கீயோடு ஒட்டியிருப்பதில்லை, வகைமாதிரியோடுதான் ஒட்டியிருக்கிறது.

அதோடு, அந்தச் சிற்றினத்தின் கீழே இணைப்பெயர்களாகத் தள்ளப்பட்ட பெயர் ஒவ்வொன்றின் வகைமாதிரியையும் பாருங்கள். புதிய சிற்றினம் என்று வருபவற்றில் பல இங்கேதான் விழும். நூறு வருடம் முன் ஒருவர் உங்கள் செடிக்கே பெயர் வைத்திருப்பார், பின்னால் வந்தவர் 'ஸ்பர் நீளம் மாறக்கூடியதுதானே' என்று இன்னொன்றோடு இணைத்திருப்பார். அப்படியானால் புதுப்பெயர் வேண்டாம், பழைய பெயரை மீட்டால் போதும். மீட்காமல் புதிதாக வைத்தால், இரண்டும் ஒன்று என்று யாராவது காட்டும் நாளில் முந்திய பெயர்தான் நிற்கும்.

ஒரு நுணுக்கம்: முந்துரிமை அந்தந்தப் படிநிலைக்குள் மட்டும்தான். உங்கள் செடி முன்பு 'வெரைட்டி'யாக (சிற்றினத்துக்குக் கீழுள்ள படிநிலை) பெயர் பெற்றிருந்தால், அந்தப் பெயருக்குச் சிற்றினப் படிநிலையில் முந்துரிமை கிடையாது. ஆனாலும் அதையே உயர்த்துவதுதான் நாகரிகம். உயர்த்தும்போது மூலப்பெயர், ஆசிரியர், வெளியான நூல், பக்கம், ஆண்டு எல்லாம் முழுசாக வேண்டும். 1953 முதல் இது கட்டாயம்.

தேன்குழல்:

அந்த அண்டைச் சிற்றினத்தின் முதல் விவரிப்பில் ஹோலோடைப் என்று எதுவும் இல்லை, இரண்டு சேகரிப்பு எண்கள் மட்டும். ஸ்கேன் படங்கள் பார்த்தேன். முதலாவதில் பூ நசுங்கி எல்லாம் ஒட்டிக்கிடக்கிறது, எதுவும் புரியவில்லை. இரண்டாவதில் ஸ்பர் நீளமாகத் தெரிகிறது, ஏறக்குறைய 20 மி.மீ.

உலர்தாள்:

அப்படியானால் விஷயம் இங்கேதான் இருக்கிறது. அவை இரண்டும் சின்டைப் (ஹோலோடைப் இல்லாதபோது முதல் விவரிப்பு சுட்டும் மாதிரிகள்). இரண்டும் வெவ்வேறு செடிகளாக இருந்தால், எது லெக்டோடைப்போ (அவற்றிலிருந்து பின்னால் தேர்ந்தெடுக்கும் ஒற்றை வகைமாதிரி) அதற்குத்தான் பழைய பெயர். இரண்டாவதை யாராவது ஏற்கெனவே தேர்ந்திருந்தால், உங்கள் நீள ஸ்பர் செடிதான் பழைய பெயருக்குரியது. எல்லோரும் அந்தப் பெயரால் அழைத்துவரும் குட்டை ஸ்பர் செடிதான் பெயரில்லாமல் நிற்கும்! ஆகவே முதலில் லெக்டோடைப் தேர்வு நடந்திருக்கிறதா என்று தேடுங்கள். மோனோகிராஃப்களில் (ஒரு பேரினத்தை முழுதாக விவரிக்கும் நூல்கள்) போகிறபோக்கில் 'டைப்: இன்ன எண், இன்ன ஹெர்பேரியம்' என்று எழுதியிருப்பதும் 2001-க்கு முந்தியதாக இருந்தால் தேர்வாகவே கொள்ளப்படலாம்.

தேர்வு நடக்கவில்லை என்றால் நீங்களே செய்யலாம். முதல் விவரிப்பு வாசகத்தை வரிவரியாக வைத்துப் பாருங்கள். அதில் 'ஸ்பர் குட்டை' என்று இருந்தால் முதல் தாளைத் தேர்வதற்கு அதுவே காரணம். வழக்கில் இருக்கும் பொருளும் கலையாது. 2001 முதல் 'இங்கே தேர்ந்தெடுக்கப்படுகிறது' என்று பொருள்படும் சொற்கள் (ஆங்கிலத்தில் 'டெசிக்னேட்டட் ஹியர்') இல்லாவிட்டால் தேர்வு செல்லாது.

நசுங்கிய பூவை ஸ்கேனில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த ஹெர்பேரியப் பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி பெற்று, ஒரு பூவை மட்டும் சுடுநீரில் ஊறவிட்டால் இதழ்கள் பிரியும். தாளின் உறைக்குள் உதிர்ந்த பூ இருந்தால் அதையே கேளுங்கள். இந்தப் பேரினத்தில் அல்லியிதழ்கள் மெல்லியவை, அழுத்தும்போதே ஒன்றோடொன்று ஒட்டிவிடும். இனி சேகரிக்கும்போது ஒவ்வொரு செடிக்கும் இரண்டு பூவையாவது பிரித்து, மேல் அல்லியிதழ், சிறகு அல்லியிதழ்கள், பக்கப் புல்லியிதழ், ஸ்பர் எனத் தனித்தனியாகச் சிறு தாளில் வைத்து அழுத்துங்கள்.

கலப்பினச்சந்தேகி:

கொஞ்சம் குறுக்கே வருகிறேன். 3 தாளும் 6 பூவும் வைத்து 'தொடர்ச்சி இல்லை' என்று சொல்ல முடியாது. 12-க்கும் 19-க்கும் இடையில் உள்ள வெற்றிடம் செடியில் இருக்கிறதா, உங்கள் மாதிரி எண்ணிக்கையில் இருக்கிறதா? அளவுகளில் உலர்ந்தது எது, ஆல்கஹாலில் இருந்தது எது என்றும் சொல்லவில்லை. காய்ந்த பூ சுருங்கும், கீயின் அளவு உலர்ந்த தாளில் எடுத்ததாக இருந்து உங்களுடையது ஆல்கஹால் பூவாக இருந்தால் வித்தியாசத்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். ஒரே நிலையில் உள்ள பூக்களை, மூன்று நான்கு கூட்டங்களிலிருந்து, கூட்டத்துக்கு இருபது செடியாவது அளந்து பாருங்கள்.

கலப்பினமா என்பதையும் பாருங்கள். மகரந்தத்தை அசிட்டோகார்மைனில் சாயமேற்றி 200 தூளாவது எண்ணுங்கள். பெரும்பகுதி சாயமேறாமல் சுருங்கிக் கிடந்தால் சந்தேகப்பட வேண்டும். எல்லாம் நன்றாகச் சாயமேறினால் கலப்பினம் இல்லை என்று நிரூபணமாகாது, ஆனாலும் கொஞ்சம் நிம்மதி. டிஎன்ஏ பார்ப்பதாக இருந்தால் மேட்கே, ஆர்பிசிஎல் மரபணுக்கள் மட்டும் போதாது. இரண்டும் பசுங்கணிகத்தில் இருப்பவை, பெரும்பாலும் தாய்வழியை மட்டுமே காட்டும். ஐடிஎஸ் போல உட்கரு டிஎன்ஏ பகுதி ஒன்றையும் சேருங்கள். இதற்கு ஆல்கஹால் பூவை எடுக்காதீர்கள். இலைத் துண்டைச் சிலிக்கா ஜெல்லில், எடையில் பத்து மடங்கு ஜெல் போட்டு, ஒரு நாளுக்குள் முறுமுறுவென உடைகிற அளவுக்கு உலர்த்துங்கள்.

நான்கு புல்லியிதழ் என்பதுதான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. அது எல்லாச் செடியிலும் நிலையாக இருந்தால், ஸ்பரைவிட அதன்மேல் நின்று வாதாடுவேன்.

விதித்தாள்:

பெயர் பற்றிய கேள்வி விட்டுப்போயிற்று. ஆயிரத்துக்கும் மேல் சிற்றினம் உள்ள பேரினத்தில் 'நீண்ட ஸ்பர்' என்று பொருள்படும் பெயரை ஏற்கெனவே யாராவது எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். ஐபிஎன்ஐ என்ற தாவரப் பெயர்களின் இணையப் பட்டியலில் தேடுங்கள். அதே பேரினத்தில் அதே பெயர் முன்பே செல்லுபடியாக வெளியாகியிருந்தால், இன்று அது யாரும் பயன்படுத்தாத இணைப்பெயராக இருந்தாலும் உங்களுடையது சட்டவிரோதப் பெயர்.

இம்பேஷன்ஸ் பெண்பால், அடைமொழியும் (சிற்றினப் பெயரின் இரண்டாம் சொல்) அப்படியே முடிய வேண்டும். பேரினப் பெயரின் ஈற்றை மட்டும் பார்த்துப் பால் சொல்லாதீர்கள்: ஃபைகஸ் 'அஸ்' என்று முடிந்தும் பெண்பால், அதனால் ஃபைகஸ் ரிலிஜியோசா. ஹைபிஸ்கஸ் ஆண்பால். ஆள்பெயரை வைத்தால் 'அ' ஒலியில் முடியும் பெயருக்கு ஆண், பெண் இருவருக்குமே ரோமன் எழுத்தில் 'இ' (ஐந்தாம் எழுத்து) ஒன்றைச் சேர்த்தால் போதும். ஈறு தவறினால் பெயர் செத்துவிடாது, பின்னால் வருபவர் திருத்தி எழுதுவார்.

வரைவில் 'தற்காலிகமாக இப்படி அழைக்கலாம்' என்ற மாதிரி வாக்கியம் இருந்தால் வெட்டிவிடுங்கள். ஆசிரியரே ஏற்காத பெயர் வெளியீடாகாது. முன்பதிப்புத் தளத்தில் முழுக் கட்டுரையையும் ஏற்றுவதாக இருந்தால் பெயரை மறைத்து 'இம்பேஷன்ஸ் சிற்றினம் அ' என்று போடுங்கள். இறுதி வடிவம், ஐஎஸ்எஸ்என் அல்லது ஐஎஸ்பிஎன் உள்ள இணைய வெளியீட்டில் பிடிஎஃப்பாக வரும் தேதிதான் பெயரின் பிறந்த தேதி. ஆய்வேடும் கணக்கில் வராது: 1953 முதல், பெயரிடல் நோக்கில் இது வெளியீடுதான் என்று உள்ளே சொல்லாத, ஐஎஸ்பிஎன் போன்ற சான்றும் இல்லாத ஆய்வேட்டில் வந்த பெயர் வெளிவராத பெயரே.

தேன்குழல்:

அளவுகள் எல்லாமே ஆல்கஹால் பூக்களில் எடுத்தவை, கலப்பினச்சந்தேகி பிடித்தது சரி. தாள்களிலேயே மறுபடி அளந்தேன்: 16–19 மி.மீ. இடைவெளி குறைந்திருக்கிறது, ஆனால் மூடவில்லை. உள்ஜோடிப் புல்லியிதழ் 6 பூவிலும் இருக்கிறது. இரண்டு சின்டைப் தாள்களுக்கும் பொறுப்பாளருக்கு எழுதுகிறேன், பெயரை அதுவரை வரைவிலிருந்து எடுத்துவிட்டேன்.