காலபோகத்துக்கு முன் 380 பேருக்கு மெசேஜ் அனுப்பலாமா?

பரந்தன் கடைக்காரர்:
பரந்தன் சந்திக்குக் கிட்ட விதைநெல், உரம், மருந்து விற்கிறேன். கடன் கொப்பியில் 380 பேருடைய போன் நம்பர் இருக்கிறது. வருகிற காலபோகத்துக்கு, அதுதான் மாரி மழையோடு செய்கிற பெரிய நெற்போகத்துக்கு, விதைநெல் வந்ததும் எல்லாருக்கும் குறுந்தகவல் அனுப்ப நினைத்திருக்கிறேன். "இப்ப யார் அண்ணை மெசேஜ் பார்க்கிறார்கள், பேஸ்புக்கில் போடுங்கள்" என்று ஒரு தம்பி சொன்னார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என்னிடம் வருகிற கமக்காரரில் பலர் வைத்திருப்பது பட்டன் போன். பேஸ்புக்குக்கு டேட்டா வேண்டும், மெசேஜுக்குச் சிக்னல் போதும். நெடுங்கேணிப் பக்கம் சிக்னல் இல்லாத வயலில் நின்றாலும், வீட்டுக்குத் திரும்புகிற வழியில் வந்து விழும்.

2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது அக்கராயன் ஐயா ஒருவர் மூன்று தடவை வந்து வெறுங்கையோடு போனார். மூன்றாம் நாள் கடை வாசலில் இருந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "இல்லை என்று ஒரு சொல் சொல்லிவிட்டிருக்கலாமே தம்பி" என்றார். அந்தச் சொல் இன்னும் மனதில் கிடக்கிறது.

நந்திக்கடல்:
அண்ணை, உங்கள் நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நம்பர்களை அவர்கள் கடனுக்காகத்தான் தந்தார்கள், விளம்பரத்துக்குத் தரவில்லை. ஒரு தேவைக்கு வாங்கிய விபரத்தை வேறு தேவைக்கு எடுக்கக் கூடாது என்பதுதான் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. விளம்பரத் தகவல் அனுப்ப ஆளின் சம்மதம் வேண்டும், வேண்டாம் என்றால் செலவில்லாமல் நிறுத்த வழியும் இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். இந்தப் பக்கம் எத்தனை பெண்கள் நுண்கடன் எடுத்துச் சீரழிந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். என் அம்மாவும் அதில் ஒருவர். ஒருநாள் வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்த நேரம் மெசேஜ் வந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, தங்கச்சியின் கையில் கொடுத்தார். அவள் சின்னப்பிள்ளை. "தவணை கட்டவில்லை, உடனே கட்டவும்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்துவிட்டாள். அதுக்குப் பிறகு அந்தப் போன் 'டிங்' என்றாலே அம்மாவுக்குக் கை நடுங்கும். நீங்கள் விதைநெல் என்றுதான் அனுப்புவீர்கள். கடன் கொப்பியில் பெயர் இருக்கிற மனிசி, வாசித்து முடிக்கும் வரைக்கும் அதைக் கடன் என்றுதான் நினைப்பாள்.

பரந்தன் கடைக்காரர்:
தங்கச்சி, வாசிக்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் நான் கொழும்பில் இருந்து தெரியாத ஆட்களுக்கு அனுப்பவில்லை. இவர்களுடைய கலியாண வீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் போய் வருகிறவன். நல்ல விதைநெல் வந்தது என்று வீதியில் கண்டு சொன்னால் சரி, போனில் சொன்னால் பிழையா?

முறிகண்டி:
கமக்கார அமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள், கமநல சேவை நிலையத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டுங்கள். காணும். ஒலிபெருக்கி கட்டின ஆட்டோ ஒன்று போனால் வாசிக்கத் தெரியாத ஆளுக்கும் கேட்கும்.

பரந்தன் கடைக்காரர்:
ஐயா, கூட்டம் எப்போதோ ஒருநாள். லொறி வருவது எனக்கே முதல்நாள் இரவுதான் தெரியும்.

வவுனிக்குளம்:
நான் போன் கடை வைத்திருக்கிறேன், ஒரு தொழில் விஷயம் சொல்கிறேன். ஆங்கில எழுத்தில் ஒரு மெசேஜுக்கு 160 இடம். தமிழில் 70 தான். அதிலும் குற்று, கொம்பு, விசிறி எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் வரும். 'விதைநெல்' எங்கள் கண்ணுக்கு நாலு எழுத்து, போனுக்கு எட்டு. 'கிளிநொச்சி' ஐந்து எழுத்து, போனுக்குப் பத்து. 70ஐத் தாண்டினால் துண்டு ஒவ்வொன்றுக்கும் 67 ஆகிவிடும், காசும் துண்டுக்குத் துண்டுதான். ஆங்கிலத்தில் எழுதி நடுவில் ஒரு தமிழ் எழுத்து வைத்தாலும் முழு மெசேஜும் 70 கணக்குக்கு மாறிவிடும். இதுக்குப் பயந்துதான் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் அனுப்புகிறார்கள். அறுபது வயது ஐயா அதை எப்படி வாசிப்பார்? விலைப்பட்டியல் போடாதீர்கள், ஒரு செய்தியைத் தமிழில் சுருக்கமாக அனுப்புங்கள்.

இன்னொன்று. நம்பருக்குப் பதிலாகக் கடைப் பெயர் வருகிற மாதிரி மொத்தமாக அனுப்பினால், பெயர் ஆங்கிலத்தில் 11 எழுத்துக்குள் இருக்க வேண்டும், வாங்குகிறவர் அதுக்குப் பதில் அனுப்பவும் முடியாது. வேண்டாம் என்று சொல்லக்கூட வழி இல்லை. அதனால் உள்ளே உங்கள் நம்பரைப் போடுங்கள்.

ஒட்டுசுட்டான் கோழிப்பண்ணை:
நான் ஒருநாள் வயதுக் கோழிக்குஞ்சு விற்கிறேன். குஞ்சு வந்த அன்றைக்கே போக வேண்டும், வைத்திருந்தால் தீனிச் செலவும் சாவும் எனக்குத்தான். மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. "குஞ்சு வந்தால் சொல்லட்டோ?" என்று கேட்பேன். விருப்பமானவர்கள் தங்கள் கையாலேயே பெயரும் நம்பரும் எழுதுவார்கள். இப்போது அதில் அறுபது பேர். பெட்டி இறங்கின கையோடு ஒரே ஒரு மெசேஜ் போடுவேன், பின்னேரத்துக்குள் பெட்டி வெறுமையாகிவிடும். வேறு எதுக்கும் அந்தக் கொப்பியைத் திறப்பதில்லை, புதுவருட வாழ்த்துக்கும் இல்லை. வாழ்த்து அனுப்பத் தொடங்கினால் அடுத்த தரம் குஞ்சு மெசேஜையும் திறக்காமல் விடுவார்கள்.

நந்திக்கடல்:
அக்கா செய்வதோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த அறுபது பேரும் கேட்டு வாங்குகிறவர்கள். 380 பேரும் அப்படி இல்லை.

பரந்தன் கடைக்காரர்:
சரி. கடன் கொப்பியை மூடி வைக்கிறேன். நாளைக்கே புதுக் கொப்பி ஒன்று கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பேன். காலபோகத்துக்கு ஐம்பது பேர்தான் சேர்ந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஒன்றில் விட்டுக்கொடுக்க மாட்டேன். உரம் தட்டுப்பாடு வந்தால், இல்லை என்ற செய்தியை 380 பேருக்கும் அனுப்புவேன். அது வியாபாரம் இல்லை, அலைச்சலைத் தடுக்கிறது.

வவுனிக்குளம் தம்பி, இதில் எத்தனை எழுத்து என்று எண்ணிப் பாருங்கள், ஏ.ரீ. 362 என்பது நெல்லினத்தின் பெயர்: "விதைநெல் வந்துவிட்டது. ஏ.ரீ. 362. பரந்தன் கடை".

வவுனிக்குளம்:
புள்ளி, இடைவெளி எல்லாம் சேர்த்து 45. பத்து இலக்க நம்பரும் போடலாம்.

நந்திக்கடல்:
இல்லை என்ற செய்தியையும் கேட்டுவிட்டே அனுப்ப வேண்டும் என்றுதான் நான் இன்னும் சொல்வேன். கொப்பி வைக்கும்போது இன்னொன்றும் கேளுங்கள் அண்ணை: அந்தப் போனை வீட்டில் யார் வாசிப்பது என்று. எங்கள் வீட்டில் அதை ஒருவரும் கேட்கவில்லை.