வடசென்னைச் சந்துகளுக்கு எந்த மேப் ஆப்: கம்பெனி ஆப்பா, ஓப்பன் சோர்ஸா?

பழைய வண்ணாரப்பேட்டை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு லேபுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலை எனக்கு. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எம்.கே.பி. நகர், சில நாள் எர்ணாவூர் வரைக்கும் ஸ்கூட்டியில் போவேன். விடியற்காலையிலேயே முதல் வீடு. பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று காபிகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். நான் தெரு தேடிச் சுற்றிக்கொண்டிருந்தால் அங்கே வயசானவர்களுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிடும். அதனால் வழி எனக்கு முக்கியம்.

இப்போது ஒரு பெரிய கம்பெனி ஆப் வைத்திருக்கிறேன். மெயின் ரோடு வரை பிரச்சினை இல்லை. அதற்கு அப்புறம்தான் சிக்கல். முகவரியில் புது எண் 27, பழைய எண் 14 என்று இருக்கும். அதே தெருவில் பழைய எண் 27 உள்ள வீடும் இருக்கும். ஆப் தெருவின் நடுவில் ஒரு புள்ளியைக் காட்டிவிட்டு வந்து சேர்ந்தாயிற்று என்று சொல்லிவிடும். ஹவுசிங் போர்டு குடியிருப்பு என்றால் கேட் வாசலோடு சரி, எந்த பிளாக் எங்கே என்று தெரியாது. தண்டவாளத்தை ஒட்டி ஒரு சந்து, கடைசியில் சுவர் எழுப்பிவிட்டார்கள். மேப்பில் அது இன்னும் வழிதான். தப்பு என்று எழுதி அனுப்பினேன், பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அதோடு சரி.

இன்னொன்றும் மனசில் உறுத்துகிறது. நான் போகும் வீடுகளெல்லாம் நோயாளிகள் வீடு. எந்த வீட்டுக்கு மாதா மாதம் போகிறேன் என்பது ஒரு கம்பெனியின் கணக்கில் ஏறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஓப்பன் சோர்ஸ், அதாவது நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கவும் மாற்றவும் கூடிய மேப் ஆப் போடச் சொல்கிறார்கள். நம்ம ஏரியாவுக்கு அது தாங்குமா? நெட் இல்லாமல் ஓடுமா? இதை விட்டுவிட்டு அதற்கு மாறலாமா? ஆண்ட்ராய்டு போன்தான், ரொம்ப விலை உயர்ந்தது இல்லை.

---

ராத்திரி சவாரி

மேடம், நான் கால் டாக்ஸி ஓட்டுகிறேன். கூகுள் மேப்பை விட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் பதில். காரணம் டிராஃபிக். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் அன்றைக்கு டி.எச். ரோடும் (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) சேர்ந்து நிற்கும். மேப்பில் அது சிவப்பாகத் தெரிவதற்குக் காரணம், நம்மை மாதிரி ஆயிரக்கணக்கான பேருடைய போன் எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று அந்தக் கம்பெனிக்குத் தெரிவதுதான். ஓப்பன் சோர்ஸ் ஆப்களில் இது கிடையாது. டூவீலருக்குத் தனி வழி காட்டும் வசதியும் 2017-லேயே இந்தியாவுக்கென்று கொண்டுவந்தார்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ரயில்வே கேட் விஷயத்தில் அதை முழுசாக நம்ப வேண்டாம். கேட் மூடி வண்டிகள் நின்ற பிறகுதான் சிவப்பு வரும். அதைப் பார்த்து நீங்கள் சுற்றிப் போனால் அதற்குள் கேட் திறந்திருக்கும். கூட்ஸ் வண்டி எப்போது வரும் என்று எந்த ஆப்புக்கும் தெரியாது. கேட் பக்கத்து டீக்கடையில் கேட்டால் சொல்வார்கள்.

---

துறைமுகத்துக்காரன்

அம்மா, நீங்கள் கேட்டதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தினமும் காலை நடைக்குப் போகும்போது தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைத் தெருக்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் குறித்துக்கொண்டு வருவது என் வழக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று பொதுமக்களே இந்த மேப்பின் மேல் குறித்தார்கள். யார் வேண்டுமானாலும் கை வைக்கக்கூடிய மேப் ஒன்று இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்று பிடித்த வேலை.

முதலில் ஆப் வேறு, மேப் வேறு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது தகவல். 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கியது, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வரைவது. அந்தத் தகவலை எடுத்துப் போனில் வழி காட்டுபவை ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ், கோமேப்ஸ் போன்ற ஆப்கள். அதனால் ஒரு சந்து மேப்பில் இல்லை என்றால் மூன்றிலுமே இருக்காது. ஒரு தடவை திருத்தினால் மூன்றுக்கும் போய்ச் சேரும்.

நம்ம பக்கம் அந்த மேப் எப்படி இருக்கிறது என்று கேட்டால், ஒரே சீராக இல்லை என்பதுதான் உண்மை. யாராவது நடந்து போய் வரைந்த இடத்தில் அடிகுழாய் வரை இருக்கும், கோயில், மசூதி, ரேஷன் கடை எல்லாம் இருக்கும். யாரும் போகாத இடத்தில் தெருக்கோடு மட்டும்தான், பெயர்கூட இருக்காது. கதவு எண்கள் ரொம்பக் குறைவு. முகவரியைத் தட்டினால் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடும் என்ற எதிர்பார்ப்பில் வந்தால் ஏமாற்றம்தான். அந்த விஷயத்தில் கூகுள் முன்னால் இருக்கிறது.

ஆனால் உங்கள் வேலையை யோசித்துப் பாருங்கள். சர்க்கரைக்காரர் என்றால் அதே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவீர்கள். முதல் தடவை போன் பண்ணிக் கேட்டுத்தான் கண்டுபிடிப்பீர்கள். வாசலில் நிற்கும்போதே அந்த இடத்தை ஆப்பில் குறித்துக்கொண்டால் அடுத்த தடவை எண்ணே தேவையில்லை. ஆஸ்மாண்டில் இப்படிக் குறித்த இடங்களை ஏரியா வாரியாகத் தனித்தனித் தொகுப்பாக வைக்கலாம், பக்கத்தில் குறிப்பும் எழுதலாம்: ‘பச்சை கேட், மாடிப்படி பின்பக்கம், நாய் உண்டு’ என்று. அது உங்கள் போனிலேயே இருக்கும். நீங்களாக எடுத்து யாருக்காவது அனுப்பினால்தான் வெளியே போகும்.

நெட் விஷயம். ஜி.பி.எஸ்.-க்கு நெட் வேண்டாம். செயற்கைக்கோள் சிக்னலைப் போன் நேராக வாங்கிக்கொள்கிறது. நெட் தேவைப்படுவது மேப் படத்துக்கும் தேடலுக்கும்தான். தமிழ்நாட்டு மேப்பை வீட்டு வைஃபையில் ஒரு தடவை இறக்கிவிட்டால் ஆஸ்மாண்டும் ஆர்கானிக் மேப்ஸும் நெட் இல்லாமலே தேடும், வழியும் சொல்லும். நெட் இல்லாதபோது முதலில் இடம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதனால் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் திறந்தவெளியில் ஆப்பைத் திறந்துவிடுங்கள். கூகுளிலும் மேப்பை இறக்கி வைக்கலாம், ஆனால் நெட் இல்லாதபோது அது கார் வழி மட்டும்தான் சொல்லும். நடந்து போகும் வழியும் வராது, டிராஃபிக்கும் வராது.

எது போடலாம்? ஆர்கானிக் மேப்ஸ் எளிது, சாதாரணப் போனில் வேகமாக ஓடும், விளம்பரம் இல்லை. ஆனால் டூவீலருக்கென்று தனி வழி அதில் கிடையாது. கார் என்று வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஆஸ்மாண்டில் மோட்டார் சைக்கிள் உண்டு, செட்டிங்ஸ் கடல் மாதிரி இருக்கும், பழக ஒரு வாரம் ஆகலாம். உங்கள் வேலைக்கு நான் ஆஸ்மாண்டைச் சொல்வேன். பிளே ஸ்டோரில் இலவசமாகக் கிடைப்பதில் எத்தனை மேப் இறக்கலாம் என்பதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். உங்களுக்குத் தமிழ்நாடு ஒன்று போதும், அந்த வரம்பு இடிக்காது.

இந்த ஆர்கானிக் மேப்ஸின் கதை எனக்குப் பிடித்த ஒன்று. மேப்ஸ்.மீ என்று ஒரு ஆப் இருந்தது. கம்பெனி கைமாறி 2020-ல் இன்னொருவருக்குப் போனது. நிரல் ஏற்கெனவே திறந்து விடப்பட்டிருந்ததால் அதை முதலில் எழுதியவர்களே வேறு பெயரில் எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். அதுதான் ஆர்கானிக் மேப்ஸ். 2025-ல் அதன் நிர்வாகம் பற்றிக் கருத்து வேறுபாடு வந்தபோது சிலர் பிரிந்து கோமேப்ஸ் தொடங்கினார்கள். கம்பெனி ஆப் என்றால் அவர்கள் கடையை மூடினால் நமக்கும் மூடியதுதான். இங்கே அப்படி இல்லை.

கடைசியாக அந்தச் சுவர். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி அந்தச் சந்தை நீங்களே திருத்தலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். வரையத் தெரியாவிட்டால் அந்த இடத்தில் ‘இங்கே சுவர் இருக்கிறது, வண்டி போகாது’ என்று ஒரு குறிப்பை விட்டுவிட்டுப் போகலாம். என்னைப் போல ஒருவர் பார்த்துத் திருத்துவார். திருத்தம் மூல மேப்பில் சில நிமிடங்களில் தெரியும். ஆப்பில் அடுத்த மேப் அப்டேட்டில் வரும், கிட்டத்தட்ட மாதம் ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரைவதிலும் கவனம் வேண்டும். சந்து ஒன்றை நடைபாதை என்று குறித்தால் ஆப் உங்கள் ஸ்கூட்டியை அதில் விடவே விடாது. வண்டிச் சந்து என்று குறித்தால் லாரிக்காரரையும் உள்ளே அனுப்பிவிடும், அதனால் அகலத்தையும் சேர்த்துப் போட வேண்டும். நடுவில் கல் நட்டிருந்தால் அதையும் குறிக்க வேண்டும். அங்கே ஒரு தடவை நின்றவருக்குத்தான் இதெல்லாம் தெரியும். காலை ஆறு மணிக்கு வியாசர்பாடிச் சந்துகளுக்குள் போய் வரும் நீங்கள் கொடுக்கும் தகவலை எந்தக் கம்பெனியும் காசு கொடுத்து வாங்க முடியாதும்மா. ஆம்புலன்ஸ்காரரும் அதே மேப்பைத் திறக்கலாம்.

ஆகவே மாற வேண்டாம், இரண்டையும் வையுங்கள். மெயின் ரோட்டுக்கு டாக்ஸித் தம்பி சொன்னதுபோல டிராஃபிக் காட்டும் ஆப். தெரு முனையிலிருந்து வாசல் வரை ஆஸ்மாண்ட்.

---

மாதவரம் பால்பண்ணை

மேப்பில்ஸ் என்று ஒன்று இருக்கிறது, மேப்மைஇண்டியாவுடையது. இந்தியக் கம்பெனி, 1995-லிருந்து இந்த வேலையில் இருக்கிறார்கள். அதையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அதுவும் கம்பெனி ஆப்தான், உங்கள் தனியுரிமைக் கவலைக்கு அது தீர்வு இல்லை.

அப்புறம், வீட்டுக்காரர்களிடம் பிளஸ் கோடு, அதாவது அந்த இடத்துக்கென்று உள்ள குறியீட்டைக் கேட்டு வாங்கலாம். கூகுள் மேப்பில் அவர்கள் வாசலை அழுத்திப் பிடித்தாலே எழுத்தும் எண்ணுமாக வரும். அந்த முறையைக் கூகுள் எல்லோருக்கும் திறந்துவிட்டிருப்பதால் ஆஸ்மாண்டிலும் அதைத் தட்டித் தேடலாம். பழைய எண், புது எண் குழப்பத்துக்கு இது நல்ல மருந்து.

---

பழைய வண்ணாரப்பேட்டை

எல்லோருக்கும் நன்றி. சார், ஆஸ்மாண்ட் இறக்கிவிட்டேன். எம்.கே.பி. நகர் சென்ட்ரல் அவென்யூ தமிழிலேயே தெரிகிறது, சந்தோஷமாக இருந்தது. பிளஸ் கோடும் வேலை செய்கிறது, ஆனால் பாட்டிகளிடம் அதைக் கேட்டு வாங்குவது கஷ்டம். பேரன் வீட்டில் இருந்தால் உண்டு.

ஒரு பயம் மட்டும் இருக்கிறது. நான் குறிக்கும் வீடுகள் எல்லோருக்கும் தெரியும் மேப்பில் போய்விடாதே? அப்புறம், எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் பிளாக் எண்கள் சுவரில் பெயின்டில் எழுதியிருக்கிறது. அதை நான் ஏற்றலாமா?

---

துறைமுகத்துக்காரன்

நல்லவேளை கேட்டீர்கள். ஆஸ்மாண்டில் ‘ஃபேவரிட்’ என்று சேமிப்பது உங்களுக்கு மட்டும். ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்’ என்று தனியாக வருவது ஊருக்கே. இரண்டாவதைத் தொடும் முன் நின்று யோசியுங்கள். ஆள் பெயர், நோய், எந்த வீட்டில் யார் என்பது எதுவும் பொது மேப்பில் ஏறக் கூடாது. அது அந்த மேப்பின் வழக்கமும் இல்லை. குறித்த இடத்தின் பெயரிலும் நோயாளி பெயரைப் போடாமல் லேபின் சீட்டு எண்ணைப் போடுங்கள். போன் தொலைந்தாலும் பயமில்லை.

கூகுளையும் வைத்துக்கொள்ளப் போவதால் அதில் போய் வந்த இடங்களைப் பதிவு செய்யும் டைம்லைனை நிறுத்திவிடுங்கள், கணக்கு செட்டிங்ஸில் இருக்கிறது. 2024-லிருந்து அந்தப் பதிவைப் போனுக்குள்ளேயே வைக்கும்படி மாற்றியிருக்கிறார்கள் என்றாலும், உங்கள் வேலைக்கு அது தேவையில்லை. தேடிய முகவரிகள் தனியாகப் பதிவாகும், அதையும் அவ்வப்போது அழியுங்கள்.

பிளாக் எண் பொதுச் சுவரில் எழுதியிருப்பது, தாராளமாக ஏற்றலாம். உங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் போடுங்கள். வேறு கம்பெனி மேப்பைப் பார்த்து இதில் எழுதக் கூடாது, அது உரிமைப் பிரச்சினை. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்று ஆண்ட்ராய்டில் ஒரு ஆப் உண்டு. நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி இந்தத் தெருவின் பெயர் என்ன, இந்தக் கட்டடத்தின் எண் என்ன, விளக்கு உண்டா என்று கேள்வி கேட்கும். பதில் சொன்னால் மேப்பில் ஏறிவிடும். கட்டடம் வரையப்படாமல் இருந்தால் அது கேட்காது. அந்த இடங்களில் குறிப்பு மட்டும் விடுங்கள், கட்டடங்களை நான் வரைந்துவிடுகிறேன். எந்த பிளாக்குக்கு எந்தப் பக்கம் வாசல் என்பதையும் எழுதுங்கள்.

---

ராத்திரி சவாரி

சார், கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைக்குத் தண்ணீர் நிற்பதை இந்த மேப்பில் போட முடியுமா?

---

துறைமுகத்துக்காரன்

வெள்ளம் வரக்கூடிய இடம் என்று நிரந்தரமாகக் குறிக்கலாம் தம்பி. இன்றைக்குத் தண்ணீர் நிற்கிறது என்பதை இதில் போடக் கூடாது. ஆட்கள் இறக்கி வைத்த மேப்பில் தண்ணீர் வடிந்த பிறகும் பாதை மூடியே கிடக்கும். அதற்கு உங்கள் கூகுளில் ரோடு மூடியிருக்கிறது என்று தெரிவியுங்கள், அந்த வேலைக்கு அதுதான் சரி. சுரங்கப்பாதைகளில் உயர வரம்பு எழுதிய பலகை இருந்தால் அந்த எண்ணை மட்டும் எனக்கு இங்கே எழுதுங்கள். ஆஸ்மாண்டில் லாரிக்காரர்கள் வண்டி உயரத்தைப் போட்டு வைத்தால், மேப்பில் அந்த எண் இருக்கும் பாலங்களைத் தவிர்த்து அது வழி சொல்லும். நம்ம பக்கம் பல பாலங்களுக்கு இன்னும் அந்த எண் ஏறவில்லை.