வெண்டை முளைத்தது, கொத்தமல்லி ஏன் முளைக்கவில்லை?

ஷார்ஜா மாடித்தோட்டம்:
செப்டம்பர் தொடக்கத்தில் மாடித் தொட்டிகளில் வெண்டை, கொத்தமல்லி, லெட்டூஸ் விதைத்தேன். ஒரே மண்கலவை, இருவேளைத் தண்ணீர். வெண்டை மளமளவென்று வந்துவிட்டது. மற்ற இரண்டும் தலைகாட்டவே இல்லை. அதே லெட்டூஸ் விதையை ஈரத்துணியில் சுற்றி ஏசி அறையில் வைத்தால் வேர்விடுகிறது. தொட்டியில் என்னதான் கோளாறு?

அல் ஐன் தோட்டக்காரர்:
விதையில் குறையில்லை அம்மா, மண்ணின் சூடுதான் காரணம். வானிலை அறிக்கை 40 டிகிரி என்றால் அது நிழலில் அளந்த காற்றின் வெப்பம். அதே பிற்பகலில் வெயில் பட்ட காய்ந்த மணலின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். வெண்டைக்கு 35 டிகிரி கொண்டாட்டம். லெட்டூஸோ 30-ஐத் தாண்டினாலே உறங்கிவிடும். கொத்தமல்லிக்கு 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெண்டையை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றியிருப்பீர்கள். லெட்டூஸுக்கு வெளிச்சம் வேண்டுமென்று மேலாகத் தூவியிருப்பீர்கள். சூடு தாங்காத விதைதான் அதிகம் சுடும் இடத்தில் கிடக்கிறது! கறுப்புத் தொட்டி என்றால் கேட்கவே வேண்டாம், பக்கச் சுவரும் வெயிலை வாங்கி உள்ளே விடும். சமையலறை வெப்பமானியை விதை கிடக்கும் ஆழத்தில் செருகிப் பிற்பகல் மூன்று மணிக்குப் பாருங்கள்.

அரிசோனா வாசி:
பாலைவனச் செடிகளே இந்தக் கணக்கில்தான் வாழ்கின்றன. 1940-களில் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர் கலிஃபோர்னியப் பாலைவன மண்ணை எடுத்துவந்து நீர் ஊற்றிச் சோதித்தார். 10 டிகிரி அளவில் குளிர்காலச் செடிகள் முளைத்தன. 26 முதல் 30 வரை வைத்தபோது கோடைச் செடிகள். ஒரே பிடி மண்ணில் இரண்டும் காத்துக் கிடக்கின்றன. எனக்கு இது இன்றும் வியப்புதான்.

ஷார்ஜா மாடித்தோட்டம்:
அளந்தேன். மேலே 44, ஓர் அங்குலம் கீழே 37! தூவிய விதைகள் இனி தேறுமா?

அல் ஐன் தோட்டக்காரர்:
லெட்டூஸில் கொஞ்சம் பிழைத்திருக்கலாம், நம்பியிருக்க வேண்டாம். ஈரச்சூட்டில் கிடந்த கொத்தமல்லி அழுகியிருக்கும். நிழல்வலை கட்டுங்கள்; பிற்பகல் அளவு 30-க்குக் கீழே இறங்கியதும் புதிதாக விதையுங்கள். நம் பக்கம் அது பெரும்பாலும் நவம்பர் வாக்கில் அமையும். கொத்தமல்லியை இரண்டாக உடைத்து, இரவு ஊறவைத்து, நேராகத் தொட்டியிலேயே போடுங்கள். நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அடிபடும்.