ரேடாரில் கொட்டுகிறது, ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை. படுக்கட்டுமா?

கொட்டக்கொட்ட முழிப்பவன் (இரவு 7.40)
மூன்று நாளாக இந்தப் பனிப்புயலின் பின்னாலேயே அலைகிறேன். ஐரோப்பிய மாடல் (வானிலையைக் கணிக்கும் கணினிக் கணக்கு) பனியின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இன்று மதியம் 20 செ.மீ.யில் வந்து நின்றது. ரேடாரில் ஒரு மணி நேரமாக என் தலைக்கு நேர்மேலே மஞ்சள், அதாவது பலமாகக் கொட்டுகிறது என்கிறது. வெளியே கையை நீட்டினால் ஒரு பொட்டுகூட விழவில்லை. தெருவிளக்கைச் சுற்றி வெறும் வெளிச்சம்தான். வெப்பநிலை 2.5, டியூ பாயிண்ட் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 6. ஏமாற்றிவிட்டதா?

ஈரக்குமிழ் (7.58)
படுக்காதீர்கள். அந்த மைனஸ் 6தான் விஷயமே. மேலே பனி விழுகிறது, கீழே இருக்கும் காய்ந்த காற்று அதைத் தின்றுவிடுகிறது. ரேடார் உங்கள் தரையைப் பார்ப்பதில்லை. நீங்கள் ரேடாரிலிருந்து 100 கி.மீ. தள்ளி இருந்தால், அரை டிகிரி சாய்வில் கிளம்பும் கதிர்கூட அங்கே சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தில்தான் போகும்.
ஆவியாகிற ஒவ்வொரு பனிச்செதிலும் காற்றைக் குளிர்வித்து ஈரமும் ஏற்றும். உங்கள் எண்களை வைத்து ஈரக்குமிழ் வெப்பநிலை போட்டுப் பார்த்தேன்: பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே. காற்று ஈரத்தால் நிறைந்ததும் வெப்பநிலை அங்கேதான் வந்து நிற்கும். டியூ பாயிண்ட் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கொட்டக்கொட்ட முழிப்பவன் (9.10)
ஏறியது சார், ஏறியது! டியூ பாயிண்ட் மைனஸ் 2, வெப்பநிலை 0.4. 8.50க்கு முதல் செதில் விளக்கடியில் தன்னந்தனியாக, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி வந்தது. இப்போது எதிர்வீட்டுக் கூரையே தெரியவில்லை.

பழைய ரேடார் (9.35)
ஆட்டம் போடாதீர்கள் தம்பி. உங்களுக்குத் தெற்கே பளீரென்று ஒரு பட்டை வில்போல வளைந்து மேலேறி வருகிறதே, அதைக் கனப்பனி என்று நினைத்துவிட வேண்டாம். உருகத் தொடங்கும் செதில் நீர்ப்படலத்தைப் போர்த்திக்கொள்ளும். ரேடாருக்கு அது பெரிய மழைத்துளி மாதிரி தெரியும். மேலே வெப்பக்காற்று நுழைகிறது. அங்கே உருகுவது கீழே வரும் வழியில் மறுபடி உறைந்து குட்டிப் பனிக்கட்டி மணியாக விழும். ஜன்னலில் டிக் டிக் என்று கேட்டால் உங்கள் 20 போயிற்று.
2015 ஜனவரியில் நியூயார்க்குக்கு இரண்டடி வரும் என்றார்கள். புயல் கொஞ்சம் கிழக்கே விலகியது, சென்ட்ரல் பார்க்கில் 9.8 அங்குலத்தோடு முடிந்தது. அதே புயல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 34.5 அங்குலம் கொட்டியது. மாடலைப் பார்த்துத் துள்ளுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்கிற கதை இது.

கொட்டக்கொட்ட முழிப்பவன் (12.50)
கேட்கிறது. டிக் டிக். கறுப்பு ஸ்வெட்டர் கையை நீட்டிப் பார்த்தேன். முன்னிரவில் ஆறுமுனைச் செதில் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்ற இடத்தில், இப்போது கண்ணாடி மணிகள் துள்ளி ஓடுகின்றன. வயிற்றெரிச்சல்.

ஈரக்குமிழ் (1.15)
பொறுங்கள். வெப்ப அடுக்கு மெல்லியதென்றால், அதில் நடக்கும் உருகலே அதைக் குளிர்வித்துவிடும். வலுத்துப் பெய்தால் மறுபடி பனியாக மாறலாம். அப்புறம், பனி அளக்க வெளியே வைத்த பலகையை 6 மணி நேரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் துடைக்காதீர்கள். ஆசையில் மணிக்கொரு தடவை துடைத்தால் பனி அமுங்கவே நேரம் இருக்காது, கூட்டுத்தொகை ஊதிப்போகும்.

கொட்டக்கொட்ட முழிப்பவன் (காலை 6.05)
2 மணிக்குப் பனியாகவே திரும்பியது, பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி. 2.50க்கு 7 செ.மீ. அளந்து துடைத்தேன், அதன் பிறகு 4. ஆக 11. அத்தனையையும் உருக்கினால் 14 மி.மீ. தண்ணீர். பத்து செ.மீ. பனிக்கு ஒரு செ.மீ. தண்ணீர் என்ற பொதுக்கணக்குக்கே வரவில்லை, பனிக்கட்டி மணி விழுந்து அமுக்கிவிட்டது. மேற்கே இன்னொரு பட்டை தெரிகிறதே, இங்கே வருமா?

பழைய ரேடார் (6.11)
வராது. இப்போது போய்ப் படுங்கள்.