நல்லவாட்டைக் காப்பாற்றியது எது? இ-சேவை மையங்கள் பற்றி ஒரு தகராறு

கடலோடி: புதுச்சேரி மீனவ ஊரான நல்லவாட்டைப் பற்றி நிரலாளர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. "சுனாமியிலிருந்து நல்லவாட்டைக் காப்பாற்றியது கிராமத்துக் கணினி மையம். இன்று இ-சேவை மையங்கள் அதே பணியைத் தொடர்கின்றன, டிஜிட்டல் இடைவெளி மறைந்துவிட்டது" என்கிறார். கணினி காப்பாற்றவில்லை ஐயா. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் தொலைபேசியில் எச்சரித்தார். மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தொலைபேசி, ஒலிபெருக்கி, அவ்வளவுதான்.

நிரலாளர்: அந்த ஒலிபெருக்கி வானத்திலிருந்து விழுந்ததா? எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரி கிராமங்களில் தொடங்கிய அறிவு மையத் திட்டத்தின் வழியாக வந்தது. மையம் இல்லையேல் அறிவிப்பும் இல்லை.

கடலோடி: ஒலிபெருக்கி எங்கள் மாரியம்மன் கோவிலிலும் இருக்கிறது. அதையும் டிஜிட்டல் சேவை மையம் என்பீர்களா?

மேலூர்வாசி: புதுச்சேரியை விடுங்கள். 2001 வாக்கில் மதுரை அருகே மேலூர் வட்டாரத்தில் சென்னை ஐஐடியின் கார்டெக்ட் கம்பியில்லாத் தொடர்பை வைத்து ஊர் ஊராக இணைய மையங்கள் திறந்தார்கள். ஆதரவு தந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் சான்றிதழ் சேவை படுத்துவிட்டது. மையங்கள் பலவும் மூடிக்கொண்டன. அதை யாரும் பேசுவதில்லை.

நிரலாளர்: ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை இணையம் தரும் பாரத்நெட் திட்டம் பற்றிய பழைய விவாதத்திலும் இதே மேலூர்ப் புலம்பல்தான்.

மேலூர்வாசி: 2011இல் ஒப்புதல் தந்த அந்தக் கண்ணாடி இழைத் திட்டம் எங்கள் ஊராட்சிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டவன் நான். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

சங்கத்துக் கணக்கர்: கூட்டுறவுக் கடன் சங்கத்தின் இ-சேவை மேசையில் அன்றாடம் உட்காருகிறவள் நான். வருமானச் சான்றுக்கு 60 ரூபாய், ரசீதோடு. தாலுகா அலுவலக வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. அது பெரிய விடுதலை. ஆனால் முதியோர் உதவித்தொகைக்கு வரும் பாட்டியின் ஆதாரில் திருப்பூர்ப் பேரனின் கைப்பேசி எண் இருக்கிறது. ஓடிபி அவனுக்குப் போகிறது. மில்லில் இருக்கும் பையன் போனை எடுப்பதில்லை. பாட்டி என் மேசை ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். இடைவெளி மறைந்துவிட்டது என்பவர் ஒரு நாள் வந்து பார்க்கட்டும்.

நிரலாளர்: 60 ரூபாயா? எங்கள் பக்கத்தில் ஒரு மையத்தில் 150 வாங்குகிறார்கள்.

சங்கத்துக் கணக்கர்: அதற்கு நான் என்ன செய்வேன் தம்பி? நான் வாங்குவது 60. அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள்.

கடலோடி: பேச்சை மாற்றாதீர்கள். அதே அறிவு மையத் திட்டத்தில் இருந்த வீராம்பட்டினத்தில் மீனவர்கள் கேட்டது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வந்த தகவலைத் திட்டத்தின் தலைமை மையமான வில்லியனூரில் எடுத்துக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். கடற்கரையில் அதை உரக்கப் படித்தார்கள். எழுத்தறியாதவர் காதிலும் விழுந்தது. ஊர் கேட்டதைக் கொடுத்தது அந்த மையம். இன்றைய மையம் அரசு கேட்கும் காகிதத்தை ஊரிடமிருந்து வாங்கி ஏற்றுகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் எனக்குக் கோபம் வராதா?

நிரலாளர்: மாட்டிக்கொண்டீர்கள்! அமெரிக்க இணையதளத்திலிருந்து எடுத்தது கணினியா, மாரியம்மன் கோவில் ஒலிபெருக்கியா?

கடலோடி: அலை உயரத்துக்குக் கணினி. சுனாமிக்குத் தொலைபேசி. நல்லவாட்டைப் பற்றித்தான் நீங்கள் எழுதினீர்கள்.

மேலூர்வாசி: என் கேள்வி அப்படியே நிற்கிறது.

நிரலாளர்: மையம் இல்லையென்றால் எந்தக் கதவை உடைத்திருப்பார்கள்?

கடலோடி: அன்று ஞாயிற்றுக்கிழமை. கதவு பூட்டியிருந்ததால்தான் உடைத்தார்கள். பூட்டிய அறைக்குள் கிடந்த கணினி யாரையும் எச்சரிக்கவில்லை. கூப்பிட்டது தொலைபேசி. உங்கள் பதிவில் அந்த வரியைத் திருத்தும் வரை இதையே எழுதுவேன்.

நிரலாளர்: திருத்த மாட்டேன்.