புதுப்பிப்பு: அம்மாவின் முழங்காலும் ரத்தப் பரிசோதனையும்

போன மாதம் கேட்டிருந்தேன்: அம்மாவுக்கு மாடிப்படி இறங்கும்போது முழங்கால் வலி, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, மூட்டுத் தேய்மானம் தொடங்கிவிட்டதா என்று ரத்தத்தில் பார்க்க முடியுமா? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

உடலில் அழற்சி, அதாவது உள்வீக்கம் இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் நார்மல். அப்படியானால் தேய்மானம் இல்லை என்று நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டதைப் பார்த்து மருத்துவர் சிரித்தார். தேய்மானத்தில் அழற்சி பெரும்பாலும் மூட்டுக்குள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். ரத்தத்தில் பெரிதாகக் காட்டாது. அந்த டெஸ்டுகள் முடக்குவாதத்துக்கான (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கத்தானாம். அம்மாவுக்குக் காலையில் எழுந்ததும் வரும் மூட்டு விறைப்பு, காபி ஆறுவதற்குள் போய்விடும். முடக்குவாதமென்றால் ஒரு மணி நேரம்கூட இழுக்கும்.

அப்புறம், ஒருவர் சொன்ன அமெரிக்க டியூக் பல்கலைக்கழக ஆய்வு உண்மைதான், 2024இல் வந்தது. பிரிட்டன் பெண்கள் 200 பேரின் ரத்தத்தில் சில புரதங்களை வைத்து, முழங்கால் தேய்மானத்தை எக்ஸ்ரேயில் தெரிவதற்கு 8 ஆண்டுகள் வரை முன்பே கணித்திருக்கிறார்கள். ஆனால் 200 பேர் போதாது. தெருமுனை லேபில் கேட்டால் கிடைக்கிற டெஸ்டும் இல்லை. லேபில் பெரிய டெஸ்ட் பேக்கேஜாகக் காசு கட்டியது என் அவசரம்.

சரி, இப்போதைக்குத் தொடைத் தசைப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணுகிறார், சீரியல் விளம்பர இடைவேளையில் மட்டும்.