எழுத்துப்படியா, எழுத்தாக்கமா? வலையொலி நேர்காணல்களுக்கு ஒரு சொல்

> வீடியோ கேம் உருவாக்குநர்களின் வலையொலி (பாட்காஸ்ட்) நேர்காணல்களைக் காது கேளாதோரும் படிக்கும்படி எழுத்தில் தருகிறார்கள் அல்லவா, அந்த ‘டிரான்ஸ்கிரிப்ட்’டுக்கு ‘உரைவடிவம்’ என்று போட்டால் போதாதா?

வணக்கம் ஐயா. போதாது என்றே நினைக்கிறேன். ‘உரை’ சொற்பொழிவைக் குறிக்கிறது. பழைய நூல்களுக்கு எழுதிய விளக்கத்தையும் குறிக்கிறது. கணினிக்காரர்கள் ‘டெக்ஸ்ட்’டையும் அதன் தலையில் ஏற்றிவிட்டார்கள். நான்காவது சுமை வேண்டாம். ‘எழுத்துரு’ ஏற்கெனவே ஃபான்ட்டுக்குப் போய்விட்டது. ‘எழுத்துப்பெயர்ப்பு’ ஒரு மொழிச் சொல்லை வேறு மொழியின் எழுத்தில் எழுதுவது.

நம் கலைச்சொல் குழுவில் இருவர் ‘எழுத்தாக்கம்’ என்று முன்மொழிந்திருக்கிறார்கள். அதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். நம் இதழ்களில் ஒரு பேச்சை வெளியிட்டு, ‘எழுத்தாக்கம்: இன்னார்’ என்று அடியில் போடுவது வழக்கம். பேசியதைச் சுருக்கி, வரிசை மாற்றி, பாதிக் கேள்விகளை வெட்டித் தந்தாலும் அந்தச் சொல் இடம் கொடுக்கிறது. இதழுக்கு அது சரி. விரும்பியவர் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொள்ளலாம். காது கேளாதவருக்கு அந்த வழி இல்லை. எழுத்தில் விட்டுப்போனது அவருக்கு நடக்கவே இல்லை.

இந்தத் துறையில் அது சிறிய இழப்பு அல்ல. சிவிலைசேஷன் 4 (2005) விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளர் சோரன் ஜான்சன் ‘டிசைனர் நோட்ஸ்’ என்ற வலையொலியில் சக வடிவமைப்பாளர்களை மணிக்கணக்கில் பேசவைக்கிறார். ஒரு விதி ஏன் கைவிடப்பட்டது, எந்த முன்மாதிரி குப்பைக்குப் போனது, யாருடைய யோசனை யாருடையதாக மாறியது என்ற செய்திகள் இப்படிப்பட்ட உரையாடல்களில்தான் வெளிவருகின்றன. நிறுவனங்களின் உள் ஆவணங்கள் இரகசிய ஒப்பந்தங்களுக்குள் அடைந்து கிடக்கின்றன. பேசுபவர் ஒரு பெயரைச் சொல்ல வந்து நிறுத்துகிறார், ‘இல்லை, அது அதற்கு முந்தைய விளையாட்டு’ என்று திருத்திக்கொள்கிறார், சிரித்து மழுப்புகிறார். விளையாட்டு வரலாற்றை எழுதப்போகிறவருக்கு அந்தத் தயக்கமும் சான்றுதான். ‘எழுத்தாக்கம்’ செய்பவர் முதலில் கத்தரிப்பதும் அதையே.

‘சப்டைட்டில்’ என்பதன் கிளையாக ஒரு சொல்லை ஆக்கலாம் என்ற யோசனையும் பொருந்தாது. அது திரையோடும் நேரத்தோடும் ஓடுவது. வலையொலியில் திரையே இல்லை. தவிர, பார்வையும் செவியும் இல்லாதவர் பிரெய்ல் காட்டும் கருவியில் தன் வேகத்துக்கு விரலால் படிப்பது இந்த முழு ஆவணத்தைத்தான். 2008 டிசம்பரில் வெளியான வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களின் 2.0 பதிப்பு, ஒலி மட்டுமே உள்ள பதிவுகளுக்கு எழுத்தில் ஈடான ஒன்று வேண்டும் என்று, மிகவும் அடிப்படையான ‘ஏ’ நிலையிலேயே கேட்கிறது. 2018, 2023 பதிப்புகளிலும் அது அப்படியே நிற்கிறது. அமெரிக்காவில் சிரியஸ்எக்ஸ்எம், ஸ்டிச்சர், பண்டோரா ஆகிய ஒலிச்சேவைகளின் மீது காது கேளாதோர் தேசிய அமைப்பு உள்ளிட்டோர் 2021 டிசம்பரில் வழக்குத் தொடுத்ததும், வலையொலிகளுக்கு இந்த ஆவணம் தரப்படவில்லை என்பதற்காகவே.

ஆகவே என் பரிந்துரை ‘எழுத்துப்படி’. கையெழுத்துப்படி, அச்சுப்படி, நிழற்படி எல்லாம் நம் கையில் இருப்பவை. படி என்றால் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது. ஒப்பிட்டுக் குறை சொல்லும் உரிமை படிப்பவருக்கு உண்டு. வினையும் தானாக வருகிறது: எழுத்துப்படி எடுத்தல். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவதைப் ‘படியெடுத்தல்’ என்றுதான் பிள்ளைகள் படிக்கிறார்கள். வேர் ஒன்றாக இருப்பது நமக்கு வசதியே.

‘பேச்சுப்படி’யையும் எண்ணிப் பார்த்தேன். பஞ்சப்படி, பயணப்படி வாங்கிப் பழகிய அரசு ஊழியர்கள் அதைப் பார்த்தால், பேசுவதற்கும் இனிமேல் தனியாகப் படி உண்டு என்று மகிழ்ந்துவிடுவார்கள். ‘ஒலிப்படி’ என்றாலோ ஒலிநூல் போல ஏதோ ஒன்று என்று தோன்றும். போதாததற்கு ‘ஒளிப்படி’யோடு நாக்கில் மோதும்.

* * *

> ஆகவே என் பரிந்துரை ‘எழுத்துப்படி’.

சொல் பிடித்திருக்கிறது அண்ணா. ஆனால் இந்த வேலையைச் செய்கிறவள் என்ற முறையில் இரண்டு சிக்கல்களைச் சொல்ல வேண்டும்.

விளையாட்டு நேர்காணலில் பேச்சு மட்டும் இருப்பதில்லை. இடையில் விளையாட்டின் இசைத்துணுக்கு வரும். எதிரி வரும் ஓசையை ஒலிக்கவிட்டு, ‘இதைத்தான் மூன்று முறை மாற்றினோம்’ என்பார் ஒலி வடிவமைப்பாளர். [கனமான காலடி ஓசை, மெல்ல நெருங்குகிறது] என்று அடைப்புக்குறியில் எழுதாவிட்டால், ‘இதை’ என்பது எதை என்றே படிப்பவருக்குத் தெரியாது. ‘எழுத்துப்படி’யில் பேச்சு என்ற சொல் இல்லாதது இந்த வகையில் நல்லதாகப் போயிற்று. விளக்கக் குறிப்பில் ‘பேச்சும் முக்கிய ஓசைகளும்’ என்று சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது சிக்கல் பெரியது. மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்கிறீர்கள். ஒருவர் நிமிடத்துக்குப் பத்து ‘ம்’, ‘வந்து’, ‘அதாவது’ போடுவார். திக்கிப் பேசுபவரும் உண்டு. ஒவ்வொரு திக்கலையும் எழுதினால் படிக்கவும் முடியாது, பேசியவருக்கும் அவமரியாதை. நான் அவற்றை நீக்கிவிடுவேன். ஆனால் அவர் தன்னைத் திருத்திக்கொண்ட இடத்தையும், கேள்வியைத் தவிர்த்த இடத்தையும் தொடமாட்டேன். நான் தருவது படியா, இல்லையா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2024 மார்ச்சில் ஆப்பிள் தன் வலையொலிச் செயலியில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் ஆகிய நான்கு மொழிகளுக்குத் தானாக எழுதித்தரும் வசதியைக் கொடுத்தது. இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் ஆங்கிலத்தில் ‘ஐ-ஃபிரேம்’ என்று ஒருவர் சொன்னால், அது அடிபடாமல் தப்பிக்கும் கணநேரத்தைக் குறிக்கும் துறைச்சொல். ‘ஐ’ என்பது ‘இன்வின்சிபிலிட்டி’யின் முதலெழுத்து. காதுக்கு அதுவும், கண் என்று பொருள்படும் ஆங்கில ‘ஐ’யும் ஒன்றுதான். ‘கொயோட்டி டைம்’ என்றால், மேடையின் விளிம்பைத் தாண்டிய பிறகும் சில ஃபிரேம்களுக்கு, அதாவது நொடியின் சிறு துணுக்குகளுக்கு, குதிக்க அனுமதிப்பது. விளையாட்டு தெரியாதவர், மனிதரோ இயந்திரமோ, கொயோட்டி என்ற பெயருள்ள அமெரிக்க நரியைத் தேடிக்கொண்டு போவார். திருத்தாத இந்த வெளியீட்டுக்கும் நான் மூன்று நாள் உட்கார்ந்து முடிப்பதற்கும் ஒரே பெயரா?

* * *

நல்ல கேள்விகள் அம்மா. ஓசைக் குறிப்பை விளக்கத்தில் சேர்த்துவிட்டேன்.

‘எழுத்துப்படி’யைப் பொதுச்சொல்லாக வைத்து அதன் கீழ் வகை பிரிக்கலாம். திக்கலும் ‘ம்’மும் விடாமல் எழுதுவது நேர்படி, நீதிமன்றத்துக்கும் மொழியியலாருக்கும் அதுதான் வேண்டும். நீங்கள் செய்வது செம்மைப்படி. நிரப்பொலிகளை நீக்கலாம், கருத்தை நீக்கக்கூடாது, வரிசையை மாற்றக்கூடாது என்று எல்லையை விளக்கத்திலேயே கட்டிவிடுவோம். அதைத் தாண்டினால் அது எழுத்தாக்கம். அந்தச் சொல்லுக்கும் அவ்வாறு நேர்மையான வேலை கிடைத்துவிடும்.

இயந்திரம் தருவதற்குப் ‘பொறிப்படி’ என்று எழுத நினைத்தேன்.

* * *

நேர்படி, செம்மைப்படி இரண்டுக்கும் சம்மதம். ‘பொறிப்படி’ வேண்டாம் அண்ணா. கல்லில் பொறித்ததுபோல உறுதியானது என்று பொருள்படுகிறது. கல்வெட்டுக்காரர்களும் சண்டைக்கு வருவார்கள். சொல் சுருக்கமாகவும் அழகாகவும் இருந்தால் வெளியிடுபவர்கள் அதைப் பெருமையாகப் போட்டுக்கொள்வார்கள். ‘திருத்தாத தானியங்கி எழுத்துப்படி’ என்று நீளமாகவே இருக்கட்டும். அந்த முதல் சொல்லை நீக்க வேண்டும் என்றால், உட்கார்ந்து திருத்தட்டும்.